வேட்டிக் கரையிலிருந்து முகம் வரை: நரம்பு முகடு செல்களைப் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

சென்ற ஜூன் விடுமுறையில், மருத்துவம் முதலாண்டு படிக்கும் என் பேத்தி ஒரு காகிதத்தோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். கருவில் ஒரே வகைச் செல்லிலிருந்து உருவாகின்றவை என்று அதில் ஒரு பட்டியல்: தாடை எலும்பு, பல்லின் உட்பகுதி, தோலின் நிறமி, குடலின் நரம்புகள், அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி, இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்களைப் பிரிக்கும் சுவர், காதுக்குள் இருக்கும் சிற்றெலும்புகள். “தாத்தா, இவற்றுக்குள் ஒரு சம்பந்தமும் இல்லையே, எப்படி மனப்பாடம் செய்வது?” என்றாள்.

செய்யாதே என்றேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன் இப்படிச் சொன்னதில் அவளுக்கு ஆச்சரியம். நரம்பு முகடு செல்களைப் பட்டியலாகப் படித்தால் தேர்வுக்கு மறுநாளே மறந்துபோகும். அவற்றைப் பயணமாகப் படிக்க வேண்டும். எங்கே புறப்பட்டன, எந்த வழியில் போயின, வழியில் எதைத் தொட்டன என்று தெரிந்துகொண்டால் பட்டியல் தானாகவே வந்து நிற்கும். அன்று மாலை அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

தேவையானவை: இரண்டு ஓரத்திலும் அகலக் கரை வைத்த ஒரு வேட்டி, இரண்டு மேசை விரிப்புகள், ஊக்குகள், ஒரு கைப்பிடி கடுகு, ஒரு குறிப்பேடு. கருவுற்ற கோழி முட்டை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் குறைவில்லை.

படி 1: வேட்டியை விரியுங்கள்

வேட்டியை மேசைமேல் நீளவாக்கில் விரித்து, இரு கரைகளுக்கும் வெளிப்பக்கமாகக் கரைக்கொரு மேசை விரிப்பை ஊக்கால் இணையுங்கள். இப்போது உங்கள் முன் இருப்பது ஒரே படலம். கருவில் இதற்குப் புறப்படை என்று பெயர். நடுவே உள்ள வெள்ளைப் பகுதி நரம்புத் தட்டு. பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போவது. வெளியே உள்ள விரிப்பு, பின்னால் மேல்தோல். இரண்டுக்கும் நடுவில், இதுவுமில்லாமல் அதுவுமில்லாமல் கிடக்கிற கரைதான் நம் கதாநாயகன்.

கரைகள் இரண்டையும் மெல்லத் தூக்கி, நடுவில் ஒன்றோடொன்று சேருங்கள். வெள்ளைப் பகுதி சுருண்டு குழாயாகிறது. இது நரம்புக் குழாய். மேசை விரிப்புகள் இரண்டும் இழுபட்டு வந்து மேலே சந்தித்துக் குழாயை மூடுகின்றன. கரை இப்போது எங்கே இருக்கிறது? குழாயின் உச்சியில், தோலுக்குச் சற்றுக் கீழே, ஒரு முகடாக. கூரை முகடு போல இருப்பதால்தான் இந்தப் பெயர். 1868-இல் சுவிட்சர்லாந்துக்காரரான வில்ஹெல்ம் ஹிஸ் கோழிக் கருவில் இதை முதலில் கண்டு, நரம்புக்கும் தோலுக்கும் இடையில் கிடக்கும் வடம் என்ற பொருளில் பெயரிட்டார். வேட்டியைப் பார்த்த பிறகு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும்.

அந்த ஓரத்துக்கு மட்டும் ஏன் தனிக் குணம்? பி.எம்.பி. என்ற சமிக்ஞைப் புரதம் வெளிப்பக்கத்தில் மிகுதியாகவும் நடுப்பக்கத்தில் மிகக் குறைவாகவும் செயல்படுகிறது. மிகுதியான இடம் தோலாகிறது, குறைந்த இடம் நரம்பாகிறது. இடைப்பட்ட அளவு கிடைத்து, கூடவே வின்ட், எஃப்.ஜி.எஃப். என்ற வேறு இரு சமிக்ஞைகளும் சேரும் இடத்தில் கரை நெய்யப்படுகிறது. முதலில் பாக்ஸ்3, பாக்ஸ்7 போன்ற மரபணுக்கள் எல்லையைக் குறிக்கின்றன. பிறகு ஸ்நெயில்2, ஃபாக்ஸ்டி3, சாக்ஸ்9, சாக்ஸ்10 ஆகியவை விழித்து, ‘நீ முகடு’ என்று முத்திரை குத்துகின்றன. எல்லாப் பெயர்களையும் தூக்கிச் சுமக்க வேண்டாம். பாக்ஸ்3, சாக்ஸ்10 இரண்டை மட்டும் மடியில் முடிந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: கடிகாரத்தை முட்டையோடு சேர்த்து வையுங்கள்

கோழிக் கரு 21 நாளில் குஞ்சாகிறது. அடைவெப்பம் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ். திங்கட்கிழமை காலை 6 மணிக்கு முட்டையை அடைகாப்பானில் வைத்ததாகக் கொள்வோம். செவ்வாய் விடியற்காலையில் கரையின் மடிப்புகள் எழத் தொடங்குகின்றன. செவ்வாய் பிற்பகல் மூன்று மணி வாக்கில், அதாவது சுமார் 33 மணி நேரத்தில், தலைப் பகுதியின் முகடு செல்கள் இடம்பெயரத் தொடங்கிவிட்டிருக்கும். புதன் காலைக்குள் உடற்பகுதியிலும் புறப்பாடு தொடங்கிவிடுகிறது. தலையிலிருந்து வால் நோக்கி வரிசையாக நடக்கும் வேலை இது. ஒரே நேரத்தில் ஒரே கரு தலையில் ஒரு வயதும் வாலில் வேறொரு வயதுமாக இருக்கும். மாணவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள். குறிப்பேட்டில் இரண்டு வரிசை போட்டு, தலைக்கு ஒரு நேரமும் உடலுக்கு ஒரு நேரமும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

முட்டையின் பின்னால் விளக்கு வைத்துப் பார்த்தால் மூன்றாம் நான்காம் நாளில் இரத்த நாளங்கள் சிலந்தி வலை போலத் தெரியும். முகடு செல்கள் தெரியாது. அவற்றைக் காண நுண்ணோக்கியும் சாயமும் வேண்டும். ஆனால் அவை உள்ளே எங்கே நடந்துகொண்டிருக்கின்றன என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறதல்லவா, அதுவே ஒரு சுகம்.

மனிதக் கருவில் இதே நாடகம் கருத்தரித்த மூன்றாம் நான்காம் வாரங்களில் நடக்கிறது. தாய்க்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரிந்திருக்கும். படி 6-இல் இதை மீண்டும் எடுக்கிறேன்.

படி 3: கையை விடுவித்தல்

கரையின்மேல் கடுகைப் பரப்புங்கள். ஒவ்வொரு கடுகும் ஒரு முகடு செல். இதுவரை அவை அண்டைச் செல்களோடு கைகோத்துச் சுவர்போல் நின்றன. கோத்த அந்தக் கைகளுக்கு கேட்ஹெரின் என்று பெயர். ஸ்நெயில்2 போன்ற மரபணுக்கள் இந்தக் கேட்ஹெரின் வகைகளைக் குறைத்தும் மாற்றியும் பிடியைத் தளர்த்துகின்றன. செல் உருமாறி, கால்போன்ற நீட்சிகளை விட்டு, அடித்தளப் படலத்தைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. புற்றுநோய்ச் செல் கட்டியிலிருந்து பிரிந்து உடலெங்கும் பரவும்போதும் ஏறக்குறைய இதே கருவிகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. தோலின் மெலனோமா, குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா ஆகிய இரண்டும் முகடு வழிவந்த செல்களின் புற்றுநோய்கள். பயணம் பழகிய பரம்பரை என்பதால் அவை இவ்வளவு பரவுகின்றனவோ என்று ஆய்வாளர்கள் கேட்பதில் வியப்பில்லை.

படி 4: நான்கு புறப்பாட்டு நிலையங்கள்

வேட்டியின் நீளத்தை நான்காகப் பிரித்துப் பென்சிலால் குறியுங்கள்: தலை, கழுத்து, உடல், வாலடி. எந்த நிலையத்தில் ஏறியது என்பதே செல்லின் தொழிலைப் பெருமளவு முடிவுசெய்கிறது.

தலை. முகத்தின் எலும்புகளும் குருத்தெலும்புகளும் இவற்றின் கைவேலை. மேல்தாடை, கீழ்த்தாடை, கன்ன எலும்பு, நெற்றி எலும்பு எல்லாம் இங்கிருந்துதான். மண்டையோடு முழுவதும் முகடு என்று எழுதிவிடாதீர்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள சுவரெலும்புகள், புறப்படைக்கு அடியில் இருக்கும் இடைப்படை என்ற படலத்திலிருந்து வருபவை. எங்கள் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் ஒரு கழியை ஒடித்துக் கடித்தால், கடிக்கும் பல்லின் வெளி எனாமல் புறப்படையின் வேலை, அதற்குள் இருக்கும் தந்தினி முகடு செல்களின் வேலை, பல்லைத் தாங்கும் தாடையும் அவற்றின் வேலை. டர்பன் சந்தையில் விற்கும் ‘மாமியார் மசாலா’வை நாக்கில் வைத்ததும் எரிகிறதே, அந்தச் சேதியை மூளைக்குக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பின் முடிச்சிலும் ஒரு பகுதி முகடு செல்கள்.

எலும்பென்றால் இடைப்படையிலிருந்து மட்டுமே வர முடியும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் அசையாத நம்பிக்கை. தலையின் குருத்தெலும்பு புறப்படையிலிருந்து வருகிறது என்று 1893-இல் எழுதிய ஜூலியா பிளாட்டை அன்றைய அறிஞர்கள் நம்பவில்லை. அவருக்கு ஆய்வுலகில் நிலையான வேலையும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் கலிபோர்னியாவில் பசிபிக் குரோவ் ஊரின் மேயரானார். சரி என்று நிரூபணமாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

கழுத்து. இங்கிருந்து கிளம்புபவர்களுக்கு இரண்டு பெரிய வேலை. ஒரு கூட்டம் இதயத்துக்குப் போய், ஒரே குழாயாக வெளிவரும் இரத்தப் பாதையைப் பெருந்தமனி, நுரையீரல் தமனி என இரண்டாகப் பிரிக்கும் சுவரை எழுப்ப உதவுகிறது. 1983-இல் மார்கரெட் கிர்பி கோழிக் கருவில் இந்தச் செல்களை நீக்கியபோது குழாய் பிரியாமல் ஒன்றாகவே நின்றது. இன்னொரு கூட்டம் குடலுக்குள் நுழைந்து, தொண்டையருகில் தொடங்கி மலக்குடல் வரை நடக்கிறது. உடலிலேயே மிக நீண்ட நடை இதுதான். மனிதக் கருவில் நான்காம் வாரத்தில் புறப்பட்டு ஏழாம் வாரத்தில் முடிகிறது. நடக்க நடக்கக் குடலும் நீண்டுகொண்டே போவதால், பாதை முடியாமல் வளரும் தெருவில் போவது மாதிரி. வழியெல்லாம் பெருகிக்கொண்டே போனால்தான் கடைசி வரை ஆள் மிஞ்சும்.

உடல். தண்டுவடத்தின் இரு பக்கமும் உள்ள உணர்வு நரம்பு முடிச்சுகள், பரிவு நரம்புச் சங்கிலி, நரம்பிழைகளைச் சுற்றிப் போர்த்தும் ஷ்வான் செல்கள், அட்ரீனலின் உட்பகுதி, தோலின் நிறமிச் செல்கள் எல்லாம் இங்கிருந்து. தைப்பூசக் காவடியில் உறுமி மேளம் உச்சத்துக்கு ஏறும்போது மயிர்க்கூச்செறிகிறது, நெஞ்சு படபடக்கிறது. மயிரை நிமிர்த்தும் பரிவு நரம்பும், இரத்தத்தில் கலக்கும் அட்ரீனலினைச் சுரக்கும் செல்லும் ஒரே கரையிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் உடற்பகுதிப் பட்டியலில் பாதி முடிந்தது.

வாலடி. குடலின் கடைக்கோடிக்குச் சிறிதளவு நரம்பு தருகிறது. வேறு சொல்ல அதிகமில்லை.

படி 5: வழியைப் பிடியுங்கள்

உடற்பகுதியில் இரண்டு பாதைகள். முதலில் கிளம்புபவை உள்பாதையில் கீழ்நோக்கி இறங்கி நரம்பு முடிச்சுகளும் அட்ரீனலும் ஆகின்றன. கோழியில் ஏறக்குறைய ஒரு நாள் கழித்துக் கிளம்புபவை தோலுக்கு அடியில் பக்கவாட்டில் நடந்து நிறமிச் செல்களாகின்றன.

உள்பாதையில் ஒரு வேடிக்கை உண்டு. நரம்புக் குழாயின் இருபுறமும் உடற்கண்டங்கள் என்ற திசுத் துண்டுகள் வரிசை வீடுகள் போல நிற்கின்றன. ஒவ்வொரு கண்டத்தின் முன்பாதி வழியாக மட்டுமே முகடு செல்கள் போகின்றன. பின்பாதியில் எஃப்ரின், செமாஃபோரின் போன்ற விலக்கும் புரதங்கள் காவல் நிற்கின்றன. கண்டமாகப் போகும் திசுவை ஆய்வகத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்தால், செல்கள் அந்தத் திரும்பிய முன்பாதியைத் தேடிப் போகின்றன. நம் முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சோடி நரம்பு முடிச்சு சீராக இருப்பது செல்களின் ஒழுக்கத்தால் அல்ல, அவை கடந்த தெருவின் அமைப்பால்.

செல்கள் எப்படித் திசை அறிகின்றன என்ற கேள்விக்குப் பெரும்பங்கு விடை நம் நாட்டுத் தவளையிடமிருந்து வந்தது. கேப் பக்கத்துக் குளங்களில் வாழும் நகத்தவளையை இங்கே பிளட்டானா என்கிறார்கள். 1927-இல் கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்கு வந்த லான்சலட் ஹாக்பென், மாட்டின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டால் இது முட்டையிடுவதைக் கண்டார். அதிலிருந்து, பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசியாகப் போட்டு அது முட்டையிடுகிறதா என்று பார்க்கும் கர்ப்பப் பரிசோதனை பிறந்தது. பல்லாயிரம் தவளைகள் கப்பலேறி உலக ஆய்வகங்களுக்குப் போயின. பரிசோதனைக் குச்சிகள் வந்த பிறகும் தவளை அங்கேயே தங்கிவிட்டது, கருவியலாளர்களின் செல்லமாக. அதன் கருவில் பார்த்தது இது: முகடு செல்கள் கூட்டமாகவே நடக்கின்றன. இரண்டு மோதிக்கொண்டால் இரண்டும் திரும்பி வேறு பக்கம் போகின்றன. அதனால் கூட்டம் வெற்றிடத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. சிதறிப் போகாமல் ஒன்றையொன்று இழுக்கும் வேதிப்பொருளையும் சுரக்கின்றன. முன்னால் இருக்கும் வேறு வகைச் செல்களின் வாசனையை மோப்பம் பிடித்துத் துரத்துகின்றன. தொட்டதும் அவை ஓடுகின்றன. இவை மறுபடி துரத்துகின்றன. நம் பிள்ளைகள் ஆடும் தொட்டுப் பிடித்து விளையாட்டேதான்.

ஒரு முகடு செல் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று எப்படித் தெரியும்? எல்லாச் செல்லும் ஒன்றுபோல் இருக்கிறதே. 1969-இல் பிரான்சின் நிக்கோல் லெ துவாரென் எளிய ஒரு வழி கண்டார். காடைச் செல்லின் உட்கருவில் அடர்ந்த ஒரு புள்ளி உண்டு. கோழிச் செல்லில் இல்லை. காடையின் முகட்டை வெட்டிக் கோழிக் கருவில் ஒட்டினால், பிறகு எங்கே அந்தப் புள்ளி தெரிகிறதோ அங்கே காடை வந்திருக்கிறது. வெள்ளைக் கோழிக்குஞ்சு காடை நிற இறகுகளோடு பொரித்து வெளிவந்தது.

இந்த ஒட்டுவேலை இன்னொரு கேள்வியையும் தீர்க்கத் தொடங்கியது: செல்லின் விதியைப் பிறப்பிடம் எழுதுகிறதா, போய்ச் சேருமிடம் எழுதுகிறதா? உடற்பகுதி முகட்டைக் கழுத்துப் பகுதியில் நட்டபோது அது குடலுக்குப் போய்க் குடல் நரம்பானது. அப்படியானால் சேருமிடம். ஆனால் அதே உடற்பகுதி முகட்டைத் தலையில் நட்டால் முக எலும்பாவதில்லை. 2003-இல் காடையின் தலை முகட்டை வாத்துக் கருவில் நட்டார்கள். வாத்துக்குக் காடை அலகு முளைத்தது. அப்படியானால் பிறப்பிடம். இரண்டும்தான் என்று பாடநூல் சமாதானமாகச் சொல்லும். எனக்கு அது போதவில்லை. முகத்தின் வடிவத்தைச் செல் தன்னோடு சுமந்து வருகிறது. நரம்பா சுரப்பியா என்ற தொழிலைப் பெரும்பாலும் வழியில் கற்கிறது. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் எந்தச் சோதனையின் முடிவையும் ஊகிக்கலாம்.

இந்தச் செல்களை 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து நேட்டாலுக்கு வந்த நம் முன்னோரோடு ஒப்பிட என் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். வந்த இடத்தில் புதுத் தொழில் கற்கும் உரிமை செல்லுக்கு இருந்தது. ஒப்பந்தக் கூலிக்கு இல்லை.

படி 6: பயணம் தவறிய இடங்கள்

நோய்களையும் வரைபடத்தில் வைத்தே படியுங்கள்.

குடல் நடை பாதியில் நின்றால் கடைசிப் பகுதி நரம்பில்லாமல் போகிறது. அந்த இடம் சுருங்கியே கிடக்கும், மலம் நகராது. இது ஹிர்ஷ்ப்ரங் நோய். ஏறத்தாழ 5000 பிறப்புகளில் ஒன்று. ஆண் குழந்தைகளில் அதிகம். நடக்கச் சொல்லி ஊக்கும் ஜி.டி.என்.எஃப். என்ற புரதத்தைக் கேட்கும் காது ‘ரெட்’ என்ற ஏற்பி. அதன் மரபணுவில் பிழை இருப்பதுதான் முதன்மைக் காரணம். எங்கள் தெருவில் பிறந்த ஒரு குழந்தைக்கு இரண்டு நாளாகியும் கறுப்பு மலம் போகவில்லை. கிரைப் வாட்டர் கொடுக்கச் சொன்னவர்களே அதிகம். நரம்பற்ற பகுதியை அறுவை செய்து நீக்கிய பின், இப்போது அவன் கால்பந்து ஆடுகிறான். பிறந்து 48 மணி நேரத்தில் மலம் போகாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

நிறமிச் செல்கள் போய்ச் சேராவிட்டால் முன்நெற்றியில் வெள்ளைக் குடுமி, நீல விழி, சிலருக்குக் காதும் கேட்காது. 1951-இல் வார்டன்பர்க் விவரித்த நோய்க்குறி இது. மடியில் முடிந்துவைத்த பாக்ஸ்3, சாக்ஸ்10 இங்கே வந்து நிற்கின்றன. நிறத்துக்கும் காதுக்கும் என்ன உறவு என்றால், உள்காதின் திரவத்தைச் சீராக வைக்கும் திசுவில் நிறமிச் செல்கள் வேலை செய்கின்றன. வெண்புள்ளி என்பது முற்றிலும் வேறு. அதில் செல்கள் ஒழுங்காக வந்து சேர்ந்து, பிறகு உடலின் எதிர்ப்பாற்றலாலேயே அழிக்கப்படுகின்றன. அதைக் குஷ்டம் என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லும் பழக்கத்தைப் பெரியவர்கள் இன்னும் விடவில்லை. தொற்றாது.

22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இழந்தால் இதயம், நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பி, முகம் மூன்றும் பாதிக்கப்படுகின்றன. இதில் முக்கியமான டி.பி.எக்ஸ்.1 மரபணு முகடு செல்லில் வேலை செய்வதே இல்லை. அது கடந்துபோகும் தொண்டைப் பகுதித் திசுக்களில் செயல்படுகிறது. பயணி மேல் பிழையில்லை, சத்திரம் சரியில்லை.

இனி மது. தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. கருவில் மதுவால் ஏற்படும் பாதிப்பு உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்கு கேப்பின் திராட்சைத் தோட்டப் பகுதிகள் முன்வரிசையில் நிற்கின்றன. கூலியின் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்த ‘டாப்’ முறை தலைமுறைகளாக நடந்த மண் அது. தலை முகடு செல்கள் மதுவைத் தாங்காமல் மடிகின்றன. மேலுதட்டின் நடுப்பள்ளம் மழுங்குகிறது, உதடு மெலிகிறது, கண்ணிடுக்கு சிறுக்கிறது. சேதம் தொடங்கும் காலம் மூன்றாம் நான்காம் வாரம். படி 2-இல் சொன்னேன், கர்ப்பம் என்றே தெரியாத நாட்கள். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் இதே நாட்களில் இதே செல்களைக் குலைக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் அதை விழுங்கவே கூடாது; ஏற்கெனவே விழுங்குகிறவர் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

படி 7: உங்களையே சோதித்துப் பாருங்கள்

வேட்டியை மடித்து வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பேத்தியிடம் கேட்ட அதே மூன்று கேள்விகள்.

வெள்ளைப் பாதமும் வெள்ளை வயிறும் உள்ள பூனையும், ஹ்லுஹ்லுவே காட்டில் பார்த்த வரிக்குதிரையும்: இரண்டிலும் வெள்ளை ஒரே காரணத்தாலா? இல்லை. பூனையின் வெள்ளைப் பகுதியில் நிறமிச் செல்லே இல்லை. முதுகிலிருந்து புறப்பட்டவை அந்தத் தூரக் கோடியை நிரப்பும் அளவுக்குப் பெருகவில்லை. வரிக்குதிரையின் தோலோ வெள்ளை வரிக்கு அடியிலும் கறுப்பு. செல்கள் வந்துவிட்டன, அங்கே மயிருக்கு நிறம் ஊட்டவில்லை.

நீலக் கண்ணுள்ள முழு வெள்ளைப் பூனைக்கு ஏன் பெரும்பாலும் காது கேட்பதில்லை? படி 6-ஐப் படித்தவர்களுக்கு இது கேள்வியே அல்ல. அவள் மூன்று நொடியில் சொன்னாள்.

காதுச் சிற்றெலும்பு ஏன் தாடையோடு ஒரே பட்டியலில் வருகிறது? இதற்குத்தான் திணறினாள். சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் தாடை வளைவுக்குப் போன முகடு செல்களிலிருந்தே உருவாகின்றன. ஊர்வனவற்றில் அதே செல்கள் தாடை மூட்டின் இரண்டு எலும்புகளாகின்றன. 1837-இல் ரைகெர்ட் கருக்களை வைத்தே இதைச் சொல்லிவிட்டார். சாட்சி நம் வீட்டுப் பின்கட்டிலேயே கிடக்கிறது: கரூ பாறைகளில் கிடைக்கும், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பாலூட்டிகளின் முன்னோர் வரிசையைச் சேர்ந்த த்ரினாக்சோடான் என்ற விலங்கின் தாடையில் அந்த எலும்புகள் ஏற்கெனவே சிறுத்துவிட்டன, ஆனால் இன்னும் மூட்டை விட்டு விலகவில்லை.